ஒரு ஏக்கரில் சிட்ரோனெல்லா: முன்பணம் கொடுப்பதற்கு முன் பத்துத் தூர்களை எடை போடுங்கள்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது.

அவருக்கு வயது 38. பெற்றோர் வழியாக வந்த ஒரு ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. பலத்த மழை பெய்தால் அதன் ஒரு மூலையில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். வீட்டுத் தோட்டத்தில் கொசுவுக்காக 40 தூர் சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. புல் செழிப்பாக வந்தது, கொசு குறையவில்லை. இரண்டு கிலோ புல்லை அடியோடு அறுத்து, பிரஷர் குக்கரில் தண்ணீரோடு போட்டு, குழாய் இணைத்துக் காய்ச்சிப் பார்த்தார். ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான் கிடைத்தது, அதிலும் தீய்ந்த வாடை. அதை இரண்டு வயது மகனின் கால்களில் அப்படியே தடவ, தோல் சிவந்து தடித்துவிட்டது. இதற்கிடையில் நாற்று விற்கும் ஒருவர், "ஏக்கருக்கு வருடம் 300 கிலோ எண்ணெய் வரும், முழுவதையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி, நாற்றுக்கு முன்பணம் கேட்கிறார். கணவரின் நண்பரோ, சொந்தமாக வாலை (எண்ணெய் வடிக்கும் கலன்) போட்டு, குப்பியில் அடைத்து, கொசு விரட்டி என்று விற்கலாம் என்கிறார். "எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் துணிச்சல் போதவில்லையோ?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குக் காரணம் உங்கள் தோட்டத்திலேயே வளர்ந்து நிற்கிறது, கீழே அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். அதற்கு முன் குழந்தை.

நான் நறுமணப் பயிர்களுக்கு ஆலோசனை சொல்கிறவன், தோலுக்கு மருந்து சொல்லும் ஆள் இல்லை. தடிப்பு இன்னும் அடங்காமல் இருந்தாலோ, கொப்புளம் கிளம்பினாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த எண்ணெயை இனி அவன் மேல் தடவ வேண்டாம், கலந்தும் வேண்டாம். "செடியிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு கிலோ புல்லில் பரவிக் கிடந்ததை ஒரு கரண்டிக்குள் ஒடுக்கிவிட்டோம், அதுதான் விஷயம். இந்த எண்ணெயில் இருக்கும் ஜெரானியோல், சிட்ரோனெல்லோல் இரண்டும் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் அழகுசாதனப் பொருள்களில் இவை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உறையில் பெயர் சொல்லி அச்சிட்டே ஆக வேண்டும். எண்ணெய் பழசாகிக் காற்றுப் பட்டுக் கெட்டிருந்தால் எரிச்சல் இன்னும் கூடும். பெரியவர்கள் தடவுவதென்றாலும் 100 மில்லி தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் ஒன்று அல்லது இரண்டு மில்லி போதும். முதலில் முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். குப்பியைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதன் மேலும் படக் கூடாது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரவில் கொசுவலைதான் சரி.

புல் நின்றால் கொசு போகுமா?

போகாது. ஏமாற்றமாக இருக்கும், ஆனால் 40 தூருக்கு நடுவில் கடி வாங்கிய உங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. எண்ணெய் இலைக்குள்ளே நுண்ணிய அறைகளில் அடைபட்டிருக்கிறது. கசக்கினாலோ அறுத்தாலோதான் வெளியே வரும். சும்மா நிற்கும் தூர், மூடி திறக்காத அத்தர் குப்பி போலத்தான்.

வடித்த எண்ணெய்க்குக் கொசுவை விலக்கும் குணம் உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவில் 1948-லேயே பூச்சி விரட்டியாகப் பதிவு பெற்றது. ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். 2002-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், டீட் என்ற செயற்கை ரசாயனம் 23.8% கலந்த விரட்டி சராசரியாக ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தது. சோதித்த சிட்ரோனெல்லா பொருள்கள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு ஒரு தடவை பூசிக்கொள்ளலாம். டெங்கு, மலேரியா பரவும் காலத்தில் இதை நம்பி இருக்கக் கூடாது. நீங்களே குப்பியில் அடைத்து விற்கும் யோசனைக்கு வரும்போது இந்த 20 நிமிடத்தை மறந்துவிடாதீர்கள்.

குக்கரில் நடந்தது என்ன?

நல்ல தோகையில், அதாவது புல்லின் இலையில், பச்சை எடைக்குச் சுமார் 0.6 முதல் 1 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். நடுவாக 0.8 என்று வைத்தால், இரண்டு கிலோவுக்கு 16 கிராம். நீரைவிட லேசான எண்ணெய் என்பதால் அளவில் 18 மில்லி வரும். உங்களுக்கு வந்தது 5 மில்லி. மீதி 13 எங்கே போனது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே தடயங்கள் இருக்கின்றன.

முதலில், அடியோடு அறுத்தீர்கள். எண்ணெய் பெரும்பாலும் தோகையில்தான் இருக்கிறது, அடித்தண்டைச் சுற்றிய மடலில் சொற்பம். ஆக, நீங்கள் காய்ச்சியதில் ஒரு பகுதி வெறும் எடை. தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 15–20 செ.மீ. விட்டு அறுக்க வேண்டும். அப்போதுதான் தூரும் சீக்கிரம் துளிர்க்கும். இரண்டாவது, குழாயை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் விட்டுக் குளிர வைத்ததாகச் சொல்கிறீர்கள். அந்தத் தண்ணீர் கால் மணி நேரத்தில் சூடாகியிருக்கும். பிறகு வந்த ஆவியில் பாதி அறைக்குள் போயிருக்கும். வீடெல்லாம் மணந்தது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மணம்தான் காணாமல் போன எண்ணெய். மூன்றாவது, பால் போல் கலங்கி இருந்த நீரைக் கொட்டிவிட்டீர்கள். அந்தக் கலங்கலே எண்ணெய்தான்.

அடுத்த முறை உயரமான, ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். வடிநீர் வெண்மையாக இறங்கும். கூர்ந்து பார்த்தால் கடுகைவிடச் சிறிய துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி, உச்சியில் ஒன்றோடொன்று சேர்வது தெரியும். அசைக்காமல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் கீழே நீர் தெளிந்து, மேலே வெளிர் மஞ்சளாக ஒரு அடுக்கு கோடு கிழித்த மாதிரி நிற்கும். அந்தக் கோட்டுக்கு மேல் உள்ளதை மட்டும் சொட்டுக் குழலால் எடுங்கள்.

தீய்ந்த வாடைக்குக் காரணம், புல் குக்கரின் அடியைத் தொட்டதுதான். துளையிட்ட தட்டு ஒன்றை வைத்து, தண்ணீர் கீழேயும் புல் மேலேயும் இருக்கும்படி செய்யுங்கள்; ஆவி மட்டும் புல்லுக்குள் ஏறட்டும். இந்த எண்ணெயின் கொதிநிலை 200 டிகிரிக்கு மேல், ஆனாலும் நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே கிளம்பி வந்துவிடும். அதனால் நெருப்பைக் கூட்டி ஒரு லாபமும் இல்லை. ஒரு எச்சரிக்கை: தோகைத் துணுக்கு ஆவித் துளையை அடைத்தால் குக்கர் வெடிக்கலாம். அழுத்தம் ஏறாத சாதாரணப் பாத்திர அமைப்பே பாதுகாப்பு. எண்ணெயும் எளிதில் தீப்பற்றும், எனவே பிடிக்கும் குவளையை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

300 கிலோ கணக்கு

இப்போது அந்த நாற்று வியாபாரி சொன்ன எண்ணுக்கு வருவோம். 0.8 சதவீதம் என்றால், 300 கிலோ எண்ணெய்க்கு 37,500 கிலோ பச்சைப் புல் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில், அதாவது 60 செ.மீ.க்கு 60 செ.மீ., நட்டால் ஏக்கருக்குச் சுமார் 11,000 தூர் பிடிக்கும். வருடம் நான்கு அறுவடை என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு தூர் ஒவ்வொரு முறையும் 850 கிராம் தோகை தர வேண்டும். எல்லாத் தூரும், எல்லா அறுவடையிலும், மழைக்காலத்திலும்.

இதைச் சரிபார்க்க யாரையும் நம்ப வேண்டியதில்லை. மழை இல்லாத ஒரு நாள், பனி உலர்ந்த பிறகு, உங்கள் தோட்டத்தில் சுமாரான பத்துத் தூர்களைத் தேர்ந்தெடுங்கள் (நன்றாக இருப்பதை மட்டும் பொறுக்காதீர்கள்!). சொன்ன உயரத்தில் அறுத்து எடை போடுங்கள். பிறகு இரண்டரை, மூன்று மாதம் கழித்து அதே தூர்களை மறுபடி அறுத்து எடை போடுங்கள். ஒன்றரை வருடம் அறுக்காமல் விட்ட புல்லின் முதல் எடை ஏமாற்றும். இரண்டாவது எடைதான் உங்கள் கணக்கு. சாதாரண வயலில் வருடத்துக்கு ஹெக்டேருக்கு 20 டன் அளவில் புல் வருகிறது. அதாவது ஏக்கருக்கு 8 டன், எண்ணெயாக 60–70 கிலோ. நல்ல மண்ணும் நீரும் உரமும் இருந்தால் இன்னும் கூடும். நான்கு, ஐந்து மடங்கு கூடாது.

முதல் வருடம் இதுவும் வராது. நட்டு ஐந்தாறு மாதம் கழித்துத்தான் முதல் அறுவடை. நான்கைந்து வருடத்தில் தூர் நடுவில் காய்ந்து விளைச்சல் இறங்கும், மறு நடவு செய்ய வேண்டும். தண்ணீர் நிற்கும் அந்த மூலையைச் சேர்க்காதீர்கள். வேர் அழுகித் தோகை மஞ்சளாகும், பிறகு எந்த உரமும் தேற்றாது. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் வடிகால் வெட்டி, உயர்ந்த பார் போட்டு நட வேண்டும்.

எந்தப் புல்?

சிட்ரோனெல்லாவில் இரண்டு வகை இருக்கிறது. இலங்கை வகை, சிம்போபோகான் நார்டஸ், எண்ணெயில் சிட்ரோனெல்லால் என்ற முக்கிய வாசனைப் பொருள் 5–15 சதவீதம்தான். ஜாவா வகை, சிம்போபோகான் விண்டெரியானஸ், 30–45 சதவீதம் வரை. பெயர்தான் ஜாவா, அந்தப் புல்லும் இலங்கையிலிருந்து போனதே. சோப்பு, வாசனைத் திரவியத் தொழில்கள் தேடுவது பெரும்பாலும் ஜாவா வகையை. சிட்ரோனெல்லாலைப் பிரித்தெடுத்து மெந்தால்கூடச் செய்கிறார்கள். இரண்டு எண்ணெய்க்கும் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. தனித்தனித் தரம் வைத்திருக்கிறது: ஜாவாவுக்கு 3848, இலங்கைக்கு 3849. இது போக, எலுமிச்சைப் புல்லும் தோற்றத்தில் இதற்குச் சகோதரி. அடித்தண்டு சிவந்திருந்தால் சிட்ரோனெல்லா, வெளுத்திருந்தால் எலுமிச்சைப் புல் என்று சொல்வார்கள். ஓரளவு சரி, ஆனால் எலுமிச்சைப் புல்லிலும் தண்டு சிவந்த வகை உண்டு. நிச்சயமாகத் தெரிய ஒரே வழி, எண்ணெயைச் சோதனைக்கூடத்தில் கேஸ் குரோமட்டோகிராபி (எண்ணெயில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சோதனை) செய்து பார்ப்பது. உங்கள் 40 தூரின் எண்ணெயிலேயே சில மில்லி அனுப்புங்கள், தீய்ந்ததை அல்ல, அடுத்து வடிப்பதை.

அந்த அறிக்கையில் சிட்ரோனெல்லால் 30 சதவீதத்துக்கு மேல் வந்தால், நாற்றுக்கு முன்பணமே தேவைப்படாது. ஜாவா வகையைத் தூர் பிரித்துத்தான் நடுவார்கள், விதையில் வளர்ப்பதில்லை. ஒன்றரை வருடத் தூரைப் பிரித்தால், தூருக்கு வேரோடு 30 நாற்று என்று குறைத்தே வைத்தாலும் 1,200 நாற்று ஆகிறது. ஏக்கரில் பத்தில் ஒரு பங்குக்கு அது போதும். அதில் ஒரு வருடம் பாருங்கள். பிடித்தால் அதிலிருந்தே மீதி நிலத்துக்கும் நாற்று எடுக்கலாம். அந்த வியாபாரிக்கு நீங்கள் அவசியம் இல்லை, அவரும் உங்களுக்கு அவசியம் இல்லை.

அப்படியும் கையெழுத்துப் போடுவதென்றால்

வாய்ச்சொல்லாக இருந்த எல்லாம் எழுத்தில் வரட்டும். ஒப்பந்தச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். நான் பார்க்கும் இடங்கள் இவை.

• "முழுவதையும் வாங்குவோம்" என்பதோடு, எந்தத் தரத்தில், என்ன விலைக் கணக்கில், எத்தனை நாளில் பணம் என்பதும் இருக்க வேண்டும். விலையை "அன்றைய நிலவரப்படி" என்று விட்டால், அந்த நிலவரத்தை யார் சொல்வது? அவர்கள் எடுக்கத் தவறினால் வேறு இடத்தில் விற்கும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

• நாற்றின் வகை, தாவரப் பெயரோடு. உயிர் பிடிக்காத நாற்றுக்கு மாற்று யார் தருவது என்பதும்.

• தரச் சோதனையை வாங்குபவரே செய்து "தேறவில்லை" என்று சொல்ல முடியாதபடி, மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரையிட வேண்டும்: ஒன்று உங்களிடம், ஒன்று அவர்களிடம், ஒன்று தகராறு வந்தால் பொதுவான சோதனைக்கூடத்துக்கு.

• குறைந்தபட்ச அளவு எண்ணெய் தருவதாக நீங்கள் உறுதி சொல்லும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். 300 கிலோ அங்கே போய் ஒளிந்திருக்கலாம்.

நாற்று விற்றதோடு லாபம் முடிந்துவிடுகிற ஒருவருக்கு, உங்கள் எண்ணெயைப் பற்றிக் கவலைப்படக் காரணம் குறைவு. ஏற்கெனவே அவரிடம் எண்ணெய் கொடுத்துப் பணம் வாங்கிய விவசாயி இரண்டு பேரைக் காட்டச் சொல்லுங்கள். நாற்று வாங்கியவர்களை அல்ல, எண்ணெய் விற்றவர்களை.

சொந்த வாலையும் குப்பியும்

ஒரு ஏக்கருக்குச் சொந்த வாலை கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. ஒரு அறுவடைக்கு இரண்டு டன் புல் வருகிறது. 500 கிலோ பிடிக்கும் வாலையில் நான்கு தடவை ஏற்றினால் முடிந்தது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மணி நேரம், எண்ணெயில் பெரும்பகுதி முதல் மணி நேரத்திலேயே வந்துவிடும். வருடத்தில் ஏழெட்டு நாள் வேலை செய்துவிட்டு மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும் இரும்புக்குப் பணம் போடுவானேன்? பக்கத்தில் யாராவது நறுமணப் பயிர் வடிக்கிறார்களா, கூலிக்கு வடித்துத் தருவார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று போடலாம். அறுத்த புல்லை ஓர் இரவு நிழலில் பரப்பி வாடவிட்டால் கனமும் இடமும் குறையும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். எனவே வாலை வெகு தூரத்தில் இருந்தாலும் சரிவராது. வடிக்கும் இடமும் வாங்கும் ஆளும் உறுதியாகாத வரை மீதி நிலத்தில் நாற்று வைக்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் செய்த வாலையாக இருந்தால் நல்லது. சாதாரண இரும்பில் எண்ணெயின் நிறம் கெடும். எண்ணெயை நீர் நீக்கி, நிறக் கண்ணாடி அல்லது அலுமினியக் கலத்தில் விளிம்பு வரை நிரப்பி, வெயில் படாமல் வையுங்கள்.

குப்பியில் அடைத்து விற்பதில் சட்டச் சிக்கல் எண்ணெயைவிட லேபிளில்தான் வருகிறது. வாசனை எண்ணெய் என்று விற்பது ஒன்று. "கொசு விரட்டி" என்று எழுதியதும் பல நாடுகளில் அது பூச்சிக்கொல்லி விதிகளுக்குள் வந்துவிடும். பதிவு, சோதனை, எச்சரிக்கை வாசகம் என்று எல்லாம் கேட்பார்கள். தடவிய யாருக்காவது உங்கள் மகனுக்கு வந்தது போலத் தடிப்பு வந்தால் பொறுப்பு உங்கள் தலையில். எண்ணெயாகவே மொத்தமாகக் கொடுங்கள். கையால் ஏதாவது செய்து விற்க ஆசை இருந்தால் சோப்பு, தரை துடைக்கும் திரவம் போன்றவற்றில் தொடங்கலாம், அதற்கும் உள்ளூர் அனுமதியைக் கேட்டுக்கொண்டு. வடிநீரை உங்கள் வீட்டுத் தரை துடைக்கவே பயன்படுத்தலாம், ஆனால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், சேர்த்து வைக்காதீர்கள்.

கடைசியாக, வடித்து மிஞ்சும் சக்கையை மாட்டுக்குப் போடலாமா என்று ஓரத்தில் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சத்து அவ்வளவாக இல்லை; வேறு தீவனம் இல்லாத நாளில் வைக்கோலோடு கொஞ்சம் கலக்கலாம், அதையே தீவனமாக்க வேண்டாம். நானாக இருந்தால் காயவைத்துப் பாதியை வாலைக்கு எரிபொருளாக்குவேன், மீதியைத் தூர்களுக்கு இடையில் மூடாக்காகப் பரப்புவேன். மூடாக்கு களையை அடக்கும், களை எடுக்கும் கூலியும் ஓரளவு குறையும்.